புது அனிமே ஸ்டுடியோ கூப்பிடுகிறது: சம்பளத்தை எண்ணும் முன்

தோக்கியோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றதால் ஊரை மட்டும் சொல்கிறேன்: பாளையங்கோட்டை. வயது 28. கடிதம் ஐந்து பக்கம், சுருக்கித் தருகிறேன்.

திருநெல்வேலியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவர். அம்மாவின் நகையை அடகு வைத்து ஜப்பான் போயிருக்கிறார். மொழிப் பள்ளி ஒன்றரை வருடம், அனிமேஷன் தொழிற்பள்ளி இரண்டு வருடம். 2023 ஏப்ரலில் சுகினாமி வார்டில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தார். முதலில் 'தோகா', அதாவது இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவில் வரும் அசைவுகளை வரையும் வேலை. இப்போது 'நிகென்', கீ அனிமேட்டர் போட்ட கரட்டு வரைவைத் துப்புரவாக்கி முடித்துக் கொடுப்பது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த ஊழியர். இப்போதைய ஒப்பந்தம் மார்ச் 31 வரை. சம்பளம் மாதம் 1,90,000 யென், பிடித்தம் போகக் கையில் 1,52,000 அளவு. ஒப்பந்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 120 நாள் விடுமுறை. நடப்பது வேறு. கடைசி ரயிலைப் பிடிக்கிற இரவுகளே அதிகம். தன் நாட்குறிப்பில் எழுதிவைத்த கணக்குப்படி மாதம் 50 மணி நேரம் கூடுதலாக உழைக்கிறார். அதற்குத் தனியாகக் காசு எதுவும் வந்ததில்லை.

அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர், ஜப்பானிய வழக்கில் 'செம்பாய்', வருகிற ஏப்ரலில் நெரிமா வார்டில் ஒரு நண்பரோடு சேர்ந்து புது ஸ்டுடியோ தொடங்குகிறார். பெரிய ஸ்டுடியோ ஒன்று தயாரிக்கும் 12 வாரத் தொடரில் மூன்று எபிசோடு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. நம் வாசகிக்கு இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஒன்று, 'க்யோமு இதாகு', அதாவது ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்தில் மாதம் 2,60,000 யென். மற்றொன்று, 10 லட்சம் யென் முதல் போட்டு மூன்றாவது இயக்குநராகச் சேர்வது. தொடர் ஹிட் ஆனால் பங்கு. நகையை மீட்க அவர் சேர்த்து வைத்திருப்பது 12 லட்சம் யென்.

"எங்க ஊர்ல பீடி சுத்துறவங்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. இங்க ஒரு படத்துக்கு 200 யென்னுல ஆரம்பிச்சேன். ரெண்டும் ஒண்ணுதான் மேடம். இப்பத்தான் ஒரு மனுஷன் நல்ல சம்பளம்னு பேசுறாரு. ஜப்பான்ல அனிமேட்டர்னாலே ஃப்ரீலான்ஸ்தான், சட்டம் எல்லாம் நமக்கு இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. போகவா? விசா என்ன ஆகும்? கை கடிச்சா சனி ஞாயிறு கொன்பினில, அதான் 24 மணி நேரக் கடைல, நிக்கலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் செம்பாய் நல்லவர் என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நல்லவர்கள் தொடங்கிய ஸ்டுடியோக்களும் சம்பளம் போட முடியாமல் நின்றிருக்கின்றன, அப்போது யார் கையில் என்ன காகிதம் இருந்ததோ அதுதான் பேசியது. உங்களுக்கு நீட்டப்படும் காகிதத்தில் நீங்கள் ஊழியரா, ஃப்ரீலான்ஸரா, இயக்குநரா என்பதுதான் என் கவலை. தொகை அதற்கு அடுத்தது.

ஆனால் புது இடத்தைப் பேசும் முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போதைய சம்பளமே சட்டத்துக்குக் கீழே

ஆண்டுக்கு 120 நாள் விடுமுறை என்றால் வேலை நாள் 245. நாளுக்கு 8 மணி நேரம், 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 163 மணி நேரம். 1,90,000 யென்னை அதில் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,163 யென் வரும். 2024 அக்டோபரில் தோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு தெரியுமா? அதே 1,163. சட்டத்தின் விளிம்பில் நூல் பிடித்தாற்போல் உங்கள் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 2025 அக்டோபர் 3 முதல் அந்தக் கூலி 1,226 யென் ஆகிவிட்டது. உங்கள் சம்பளம் ஏறவில்லை. ஆக, அக்டோபரிலிருந்து மாதம் 10,000 யென்னுக்குச் சற்று மேல் உங்களுக்குக் குறைத்துத் தரப்படுகிறது. மறதியா, வேண்டுமென்றா என்று எனக்குத் தெரியாது. சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை.

அடுத்தது அந்த 50 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கூலியில் கால் பங்கு கூட்டித் தர வேண்டும். குறைந்தபட்சக் கூலியை வைத்தே கணக்குப் போட்டாலும் 50 மணி நேரத்துக்கு 76,600 யென் வரும். திருத்திய அடிப்படைச் சம்பளத்தோடு கூட்டினால் ஏறக்குறைய 2,76,800. உங்கள் செம்பாய் தருவதாகச் சொல்லும் 2,60,000 யென்னைவிட, நீங்கள் இப்போது செய்யும் வேலைக்கு இப்போதைய முதலாளி சட்டப்படி தர வேண்டிய தொகை பெரியது. 'மனுஷன் நல்ல சம்பளம் பேசுறாரு' என்று நெகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். அந்த நெகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

"கூடுதல் நேரம் சம்பளத்திலேயே அடக்கம்" என்று அலுவலகத்தில் சொல்லலாம். அப்படி அடக்கம் என்றால் எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை.

இது உங்கள் ஒருவர் கதையும் அல்ல. அனிமே துறைக்காக 2023இல் உருவான நாஃப்கா என்ற சங்கம் எடுத்த கணக்கெடுப்பில், மாத வேலை நேரம் சராசரி 219 மணி நேரம், மணிக்கூலியின் நடுமதிப்பு 1,111 யென் என்று வந்தது. அப்போது தோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 1,113. பாதிப் பேர் ரொட்டிக்கடைப் பகுதிநேர ஊழியரைவிடக் குறைவாகச் சம்பாதித்துக்கொண்டு, உலகம் பார்க்கும் படங்களை வரைந்திருக்கிறார்கள். அதற்கு முன் 2019இல் அனிமேட்டர்கள் சங்கமான ஜானிகா வெளியிட்ட அறிக்கை, துறையின் சராசரி ஆண்டு வருமானம் 44 லட்சம் யென் என்றது. கேட்க நன்றாக இருக்கும். இயக்குநர்கள், வடிவமைப்பாளர்கள் எல்லாரையும் சேர்த்து எடுத்த சராசரி அது. தோகா வரைபவர்களுக்கு அதே அறிக்கையில் 12.5 லட்சம்தான். 2024இல் ஐ.நா. மனித உரிமைப் பணிக்குழுவே ஜப்பான் பற்றிய அறிக்கையில் அனிமேட்டர்களின் கூலியையும் வேலை நேரத்தையும் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது.

நிலுவைக் கூலியைக் கேட்கும் உரிமை மூன்று ஆண்டுகளுக்கு உண்டு. உங்கள் முதல் சம்பளம் 2023 மே மாதம். அதனால் வருகிற மேயிலிருந்து மாதத்துக்கு ஒரு மாதக் கூடுதல் நேரக் கூலி காலாவதியாகத் தொடங்கும். உடனே போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் வெளியே வரும் முன் சான்றுகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்பு, சம்பளச் சீட்டு, இரவு 11 மணிக்கு வந்த 'இந்தக் கட் (ஒரு ஷாட்) எங்கே' என்ற செய்திகள், சுய்கா ரயில் அட்டையின் பயணப் பதிவு. சுய்கா பதிவு பழையது அழிந்துகொண்டே போகும், இந்த வாரமே நிலையத்தில் அச்சிட்டு வாங்குங்கள். கட் பைகளையும் ஸ்டுடியோவின் வரைவுகளையும் படம் எடுக்காதீர்கள், அது ரகசிய ஒப்பந்த மீறலாகிவிடும்.

2,60,000 கையில் எவ்வளவு?

சரி, புது ஸ்டுடியோவுக்கு வருவோம். க்யோமு இதாகு என்றால் வழக்கமாக 10.21 சதவீத வரி பிடித்துக்கொண்டு 2,33,454 யென் தருவார்கள். தேசிய ஓய்வூதியம் நீங்களே கட்ட வேண்டும், 2025 நிதியாண்டுக்கு மாதம் 17,510. தேசிய மருத்துவக் காப்பீடும் குடியிருப்பு வரியும் அதற்குமேல். நான் போட்ட கணக்கில் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. மார்ச்சில் வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்ததில் கொஞ்சம் திரும்பும். மறு ஆண்டு மருத்துவக் காப்பீடு ஏறும்.

இப்போது வாங்கும் 1,52,000 யென்னைவிடக் கூடுதல்தான், மறைக்கவில்லை. அந்த 40,000 யென்னுக்கு எதையெல்லாம் விற்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஊழியர் ஓய்வூதியத்தில் சம்பளத்தின் 18.3 சதவீதத்தில் பாதியை முதலாளி கட்டுகிறார், அது போய்விடும். வேலை இழப்புக் காப்பீடு கிடையாது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, உங்கள் பணிக்காலத்துக்கு ஆண்டுக்கு 12 நாள், கிடையாது. நிலுவையில் இருப்பதைத் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். வேலைக் காயக் காப்பீட்டில் 2021 ஏப்ரலிலிருந்து அனிமேட்டர்கள் ஃப்ரீலான்ஸராகவும் சேரலாம், ஆனால் தவணை உங்கள் கையிலிருந்து. மணிக்கட்டு வலியைப் பற்றி ஒரு வரி எழுதிக் கடந்து போயிருக்கிறீர்கள். உங்கள் தொழிலுக்கு அந்த மணிக்கட்டுதான் முதல்.

புது இடத்திலும் மாதம் 213 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 1,220 யென். மறுபடியும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே. வித்தியாசம் ஒன்றுதான். ஃப்ரீலான்ஸருக்கு அந்தக் கீழ்வரம்பே பொருந்தாது, புகார் கொடுக்க முடியாது.

'அனிமேட்டர்னாலே ஃப்ரீலான்ஸ்தான்'

இது பாதி உண்மை. துறையில் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஊழியர்களாக இருப்பவர்களும் இருக்கிறார்களே! கிப்லி ஸ்டுடியோ 1989இல் தன் கலைஞர்களை மாதச் சம்பள ஊழியர்களாக மாற்றியது. ஊஜியில் இருக்கும் கியோட்டோ அனிமேஷன் பல ஆண்டுகளாக ஊழியர் முறையில்தான் நடக்கிறது. அதோடு தானே நாவல்களும் வெளியிட்டு, அவற்றின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு படமெடுத்தது. ஆகவே 'இந்தத் தொழிலில் முடியாது' என்ற பேச்சு எடுபடாது. முதல் இல்லாத புது ஸ்டுடியோவுக்குக் கடினம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. காகிதத்தில் ஃப்ரீலான்ஸ் என்று எழுதிவிட்டால் ஒருவர் ஃப்ரீலான்ஸர் ஆகிவிட மாட்டார். வேலையை மறுக்கும் சுதந்திரம் இருக்கிறதா, எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் கட்டளையிடுகிறார்கள், இடமும் நேரமும் யார் தீர்மானிக்கிறார்கள், உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா என்று பார்த்துத்தான் தொழிலாளியா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். 1985இலிருந்து இந்த அளவுகோல்தான். செம்பாய் அனுப்பிய செய்தியில் 'காலை 10 மணிக்கு எல்லாரும் மேசையில் இருக்க வேண்டும், வேறு ஸ்டுடியோ வேலை எடுக்கக் கூடாது' என்று இருக்கிறது. அது ஊழியருக்குச் சொல்லும் சொல். 2024 நவம்பர் முதல் எல்லா 'ரோகிஷோ'விலும், அதாவது தொழிலாளர் தர மேற்பார்வை அலுவலகத்திலும், இந்தச் சந்தேகத்துக்கென்றே ஒரு முகப்பு இருக்கிறது.

நிஜமாகவே ஃப்ரீலான்ஸராக இருந்தாலும் சட்டம் கைவிடவில்லை. 2024 நவம்பர் 1 முதல் ஃப்ரீலான்ஸ் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலை, தொகை, தேதி ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பணம். ஒரு மாதமோ அதற்கு மேலோ நீளும் வேலையில், உங்கள் தவறு இல்லாமல் தொகையைக் குறைக்கவோ, இலவசமாகத் திருப்பி வரையச் சொல்லவோ கூடாது. 'ரீடேக் எல்லாம் காசில்லாமல்தானே' என்று எழுதியிருந்தீர்கள், அது எப்போதும் அப்படியே செல்லாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீளும் ஒப்பந்தத்தை முறிக்க 30 நாள் முன்பே சொல்ல வேண்டும்.

"எங்கள் முதல் 30 லட்சம்தான், சட்டம் பெரிய கம்பெனிக்குத்தான்" என்று செம்பாய் சொன்னது பழைய துணை ஒப்பந்தச் சட்டத்தை நினைத்து. அதில் 1 கோடி யென் மூலதன வரம்பு இருந்தது. ஃப்ரீலான்ஸ் சட்டத்தில் மூலதன வரம்பே இல்லை. ஆனால் ஒரு ஓட்டை உண்டு, புது ஸ்டுடியோவில் சேருகிறவர் யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஊழியர் ஒருவரும் இல்லாமல் ஒரே இயக்குநரோடு நடக்கும் கம்பெனிக்கு எழுத்தில் தரும் கடமை மட்டும்தான். 60 நாள் விதி முதலானவை அதைக் கட்டாது. இரண்டு இயக்குநர்கள் இருந்தாலோ, ஊழியர் இருந்தாலோ எல்லாமே பொருந்தும். எனவே கம்பெனிப் பதிவில் செம்பாய் மட்டும் இருக்கிறாரா, நண்பரும் இருக்கிறாரா என்று பாருங்கள். பதிவுச் சான்றைச் சில நூறு யென் கட்டி யாரும் வாங்கலாம்.

'ஹிட் ஆனா பங்கு'

இங்கேதான் உங்கள் கணக்கு மிகவும் பிசகுகிறது. அனிமே சந்தை 2023இல் 3.34 லட்சம் கோடி யென், அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து. செய்தியில் படித்துவிட்டு அதில் ஒரு துளி நமக்கு வராதா என்று கேட்கிறீர்கள். அந்தப் பணம் ஓடும் வாய்க்காலைப் பாருங்கள். ஒரு தொடருக்குப் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி எல்லாம் பணம் போட்டு 'செய்சாகு இன்காய்' என்ற தயாரிப்புக் குழுவை அமைக்கின்றன. உரிமை அந்தக் குழுவுக்கு. தலைமை ஸ்டுடியோவுக்குத் தயாரிப்புக் கூலி மட்டும். குழுவில் அதுவும் பணம் போட்டிருந்தால்தான் பங்கு. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவும் திரைப்பட உரிமையைத் தயாரிப்பாளரிடமே சேர்க்கிறது. வரைந்தவர் வரிசையில் இல்லை.

உங்கள் செம்பாயின் ஸ்டுடியோ தலைமை ஸ்டுடியோகூட இல்லை. எபிசோடை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து முடித்துத் தரும் 'குரோஸ்' வேலை அது. தலைமை ஸ்டுடியோ ஒரு தொகை பேசும், அவ்வளவுதான். தொடர் உலகமெல்லாம் ஓடினாலும் அந்தத் தொகை ஏறாது. தாமதமானால் கூடுதல் ஆள் வைத்த செலவு இவர் தலையில். பங்கு தருகிறேன் என்று அவர் மனதாரச் சொல்லலாம். தர அவரிடமே பங்கு இல்லை.

எல்லாம் 1963இல் மங்கா ஓவியர் தெஸுகா ஒசாமு குறைந்த விலைக்குத் தொலைக்காட்சித் தொடரை விற்றதால் வந்த வினை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டுடியோக்களில் எல்லாரும் சொல்லும் கதை அது. பாதிதான் சரி. அவருடைய முஷி புரொடக்‌ஷன் தொடரின் உரிமையைத் தன்னிடம் வைத்திருந்தது, பொம்மைகளிலும் அமெரிக்க விற்பனையிலும் பணம் பார்த்தது. அப்படியும் 1973இல் திவாலானது. இன்றைய குரோஸ் ஸ்டுடியோவிடம் மலிவு விலை மட்டும் தங்கிவிட்டது, உரிமை வேறு இடத்துக்குப் போய்விட்டது. அறுபது வருடத்துக்கு முந்தைய மனிதரைத் திட்டுவது சுலபம், இந்த வருட ஒப்பந்தத்தைப் படிப்பதுதான் கஷ்டம்.

10 லட்சம் யென், இயக்குநர் நாற்காலி

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

இயக்குநர் ஆனால் நீங்கள் தொழிலாளி இல்லை. கூடுதல் நேரக் கூலி, வேலை இழப்புக் காப்பீடு எதுவும் இல்லை. உங்கள் விசா அனிமேட்டர் வேலைக்கானது. கம்பெனியை நடத்துபவர் என்று குடிவரவு அலுவலகம் கருதினால் 'வணிக மேலாளர்' விசா கேட்கும். 2025 அக்டோபர் 16 முதல் அதற்கு மூலதனம் 3 கோடி யென் வேண்டும். முப்பது லட்சத்தில் தொடங்கும் ஸ்டுடியோவுக்கு அது எட்டாத தூரம். வங்கிக் கடன் எடுக்கும்போது இயக்குநர்களைக் கூட்டு ஜாமீனில் கையெழுத்துக் கேட்பதும் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டால் கம்பெனி விழுந்த பிறகும் கடன் உங்களைத் தேடி வரும், பாளையங்கோட்டை வரைக்கும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரின் நிலை நினைவுக்கு வருகிறது. நண்பர்கள் நடத்திய சிறு ஸ்டுடியோ, நான்கு மாதப் பணம் நின்றுவிட்டது. ஜப்பானில் கம்பெனி திவாலானால் நிலுவைச் சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசே முன்னதாகத் தரும் திட்டம் இருக்கிறது. 30 வயதுக்குக் கீழ் என்றால் 11 லட்சம் யென் நிலுவை வரை கணக்கில் எடுப்பார்கள். அவரால் அதைத் தொட முடியவில்லை. அவர் கையில் இருந்தது ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தம், திட்டம் தொழிலாளிக்கு. இரண்டாவது நிபந்தனையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கம்பெனி குறைந்தது ஒரு வருடம் நடந்திருக்க வேண்டும். அதாவது ஊழியராகச் சேர்ந்தாலும், 2027 ஏப்ரல் வரை அந்தப் பாதுகாப்பு இந்த ஸ்டுடியோவில் உங்களுக்கு இல்லை. அந்த 12 லட்சத்தில் மூன்று மாதச் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மிச்சம் நகைக்குப் போகட்டும்.

விசா

உங்கள் விசா ஸ்டுடியோவின் கையில் இல்லை. அது ஒரு வேலை வகைக்குத் தரப்பட்டது. அதே வகை வேலைக்கு இடம் மாறலாம். மாறிய 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். காரணமில்லாமல் மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தால்தான் ரத்து செய்யும் பேச்சு வரும்.

சிக்கல் செப்டம்பரில் புதுப்பிக்கும்போது. குடிவரவு அலுவலகம் கம்பெனிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. புதிதாகத் தொடங்கியது நான்காவது வகை. வணிகத் திட்டம், வாடகை ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்திலும் இந்த விசாவைப் புதுப்பிக்க வழி உண்டு, ஆனால் வருமானம் நிலையானது என்று நீங்களே நிரூபிக்க வேண்டும். மூன்று எபிசோடு முடிந்த பிறகு என்ன வேலை என்ற கேள்விக்குச் செம்பாயிடம் பதில் இல்லாவிட்டால், அதிகாரியிடம் உங்களுக்கும் பதில் இருக்காது. ஊழியராகச் சேர்ந்தால், இடம் மாறிய உடனே 'வேலைத் தகுதிச் சான்றிதழ்' கேட்டு விண்ணப்பியுங்கள். புது வேலை உங்கள் விசாவுக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே எழுதித் தருவார்கள், செப்டம்பரில் நெஞ்சு படபடக்காது.

கொன்பினி? கூடவே கூடாதம்மா. மாணவராக இருந்தபோது வாரம் 28 மணி நேரம் அனுமதி இருந்தது, அந்தப் பழக்கத்தில் கேட்கிறீர்கள். இப்போதைய விசாவில் கல்லாவில் நிற்பதும் சாப்பாடு டெலிவரி செய்வதும் விதிமீறல், அனுமதி கேட்டாலும் பெரும்பாலும் தர மாட்டார்கள். கூட வேலை செய்பவர் செய்கிறார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

செம்பாயிடம் எப்படிக் கேட்பது?

பணமும் சட்டமும் பேசினால் அவர் மனம் நோகும் என்பதுதான் உங்கள் உண்மையான பயம் என்று கடைசிப் பக்கத்தில் தெரிந்தது. பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரிடம் சான்று கேட்பதா என்று தயங்குகிறீர்கள். கேளுங்கள், பணிவாக ஒரே வாக்கியம்: "கொயோ கெய்யாகு தே ஒநெகாய் தெகிமாஸ் கா?" ஊழியர் ஒப்பந்தமாகப் போட முடியுமா என்று. வேண்டுமானால் தொகையில் இறங்கி வாருங்கள். உண்மையில் நான் உங்களிடத்தில் இருந்தால் ஃப்ரீலான்ஸ் 2,60,000 யென்னைவிட ஊழியர் 2,25,000 யென்னைத்தான் எடுப்பேன். கம்பெனி என்று பதிவு செய்துவிட்டால் ஒரே ஊழியர் இருந்தாலும் மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் சேர்த்தாக வேண்டும், அந்தச் செலவு அவர் பக்கம் விழும். அதனால் அவர் தயங்குவது இயல்பு. ஒப்புக்கொண்டால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

1. வேலை நிபந்தனைக் கடிதம். சம்பளம், நேரம், கூடுதல் நேரக் கூலி, சம்பள நாள். 'பேசிக்கொள்ளலாம்' என்று எதுவும் இருக்கக் கூடாது.

2. நீங்கள் சேருவது நிகென் வேலைக்கா, 'கெங்கா' எனும் கீ அனிமேஷனுக்கா. கீ அனிமேஷன் ஒரு 'கட்'டுக்குச் சுமார் 4,000 முதல் 5,000 யென் வரை போகும் வேலை. மூன்று வருடம் கழித்து நீங்கள் யார் என்பதை இதுதான் தீர்மானிக்கும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கெங்கா தருவார் என்றால் நான் அந்தப் பக்கம் சாய்வேன்.

3. மூன்று எபிசோடுக்குப் பிறகு கையில் உள்ள வேலையும், தலைமை ஸ்டுடியோ பணம் தரும் தேதியும். அந்தப் பணம் ஒப்படைத்த இரண்டு மாதம் கழித்து வருமென்றால் அதுவரை சம்பளத்துக்கு வழி என்ன என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவர் கம்பெனி நடத்தத் தயாராகவில்லை.

அவரால் ஊழியர் ஒப்பந்தம் தர முடியாது என்றால் ஏப்ரலில் போகாதீர்கள். இப்போதைய இடத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 1,226 கணக்கை மரியாதையாக நீட்டுங்கள். எடுபடாவிட்டால் ரோகிஷோவுக்குப் போங்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது சட்டப்படி குற்றம். வெளிநாட்டவருக்கான தொலைபேசி ஆலோசனையில் நேபாளிகூட இருக்கிறது, தமிழ் இல்லை. உங்கள் ஜப்பானியம் போதும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் பேசலாம். ஃப்ரீலான்ஸ் விவகாரம் என்றால் 'ஃப்ரீலான்ஸ் டிரபுள் 110'இல் வழக்கறிஞர்களே இலவசமாகப் பேசுவார்கள்.

மார்ச் 31க்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்த வாரம் சுய்கா பதிவு, அடுத்த வாரம் செம்பாய். அவர் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கம்பெனிப் பெயரை மறைத்து எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், இரண்டு நாளில் படித்துச் சொல்கிறேன்.